ஊர்சுலம்மா பாஷை

ராஜகீழ்ப்பாக்கத்தில் இருந்த அந்தக் கன்னியர் இல்லத்துக்குப் பச்சையம்மா வேலைக்கு வந்தபோது, அந்த வருடத்தில் அவள் நான்காவது ஆள். நோயாளியான ஒரு வயதான சிஸ்டரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. முன்னால் வந்த மூன்று பேரும் ஒரு மாதம் தாண்டவில்லை. ஒருத்தி கன்னத்தில் அறை வாங்கினாள். இன்னொருத்தியின் முகத்தில் கஞ்சி துப்பப்பட்டது. மூன்றாமவள் காரணமே சொல்லாமல் நின்றுவிட்டாள். இதையெல்லாம் இல்லத் தலைவி மதர் பெனடிக்டா முதல் நாளே ஒளிக்காமல் சொன்னார். பச்சையம்மா கேட்டுக்கொண்டு நின்றாள். மாடம்பாக்கத்திலிருந்து ஒரே பஸ். காலை ஏழுக்கு வந்தால் மாலை ஐந்துக்குக் கிளம்பிவிடலாம். மத்தியானச் சாப்பாடு உண்டு. அறைக்கெல்லாம் பயந்தால் ஆகாது என்று நினைத்துக்கொண்டாள்.

அவளுக்கு வயது நாற்பத்தொன்பது. புருஷன் கேசவன் பெயின்டர். இரண்டு வருடத்துக்கு முன்னால் செம்பாக்கத்தில் ஒரு மூன்று மாடி வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கும்போது சாரத்திலிருந்து விழுந்தான். இடுப்பில் பிளேட் வைத்தார்கள். இடது காலில் பலம் வரவில்லை. கோலை ஊன்றி வாசல்வரைக்கும் போவான். மகள் ஜீவிதா குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் நாள் பூராவும் நின்றபடி வேலை செய்கிறாள். பச்சையம்மா விடியுமுன் எழுந்து, தண்ணீர் பிடித்து, சமைத்து, கேசவனைக் குளிக்கவைத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். இங்கே வந்து இன்னொரு உடம்பைக் குளிப்பாட்ட வேண்டும். திரும்பிப் போனால் கேசவனின் காலுக்கு எண்ணெய் தேய்க்க வேண்டும்.

அந்த வயதான சிஸ்டரின் பெயர் ஓர்சோலா. இத்தாலியில் வடக்கே ஒரு மலையடிவாரக் கிராமத்தில் பிறந்தவர். இருபத்திரண்டு வயதில் கப்பலில் வந்து இறங்கி, நாற்பது வருடம் இந்தப் பக்கத்தில் ஒரு சின்ன மருந்தகம் நடத்தினார். சேலையூரிலும் மாடம்பாக்கத்திலும் அவர் கையால் ஊசி போட்டுக்கொண்டவர்கள் நிறைய. ஊர்சுலம்மா என்றால்தான் ஜனங்களுக்குத் தெரியும். மீன்காரியோடு பேரம் பேசி ஜெயிக்கும் அளவுக்குத் தமிழ் பேசுவாராம். எண்பத்திரண்டாவது வயதில் பக்கவாதம் வந்தது. கை கால் ஓரளவு தேறியது, ஞாபகம் தேறவில்லை. முதலில் இங்கிலீஷ் போயிற்று. பிறகு தமிழ் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, ஒரு நாள் முழுக்க நின்றுபோயிற்று. மிச்சம் இருந்தது சிறுவயதில் பேசிய பாஷை மட்டும். இல்லத்தில் இருந்த மற்ற நான்கு சிஸ்டர்களில் ஒருவருக்கும் அது தெரியாது. அவர் கேட்பார், கத்துவார், அழுவார். யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். கடைசியில் கையை ஓங்குவார்.

பச்சையம்மா சேர்ந்த மூன்றாம் நாள் ஒரு கூத்து நடந்தது. கஞ்சி ஊட்டும்போது சிஸ்டர் கையை ஆட்டி "பாஸ்தா, பாஸ்தா" என்றார். சமையல்காரி செல்லம்மாவுக்கு ஒரே சந்தோஷம். இத்தாலிக்காரர்கள் பாஸ்தாதான் தின்பார்கள் என்று டிவியில் பார்த்திருக்கிறாள். கேம்ப் ரோடு சூப்பர் மார்க்கெட்டில் ஒரு பாக்கெட் வாங்கிவரச் சொல்லி, வேகவைத்து, தக்காளி போட்டுக் கிளறிக் கொண்டுவந்தாள். சிஸ்டர் நாலு வாய் தின்றுவிட்டு மறுபடியும் "பாஸ்தா" என்றார். செல்லம்மா இன்னொரு கரண்டி போட்டாள். "பாஸ்தா, பாஸ்தா" என்று சத்தம் ஏறியது. இன்னும் ஒரு கரண்டி விழுந்தது. அடுத்த நிமிஷம் தட்டு சுவரில் போய் மோதியது. பச்சையம்மாதான் குனிந்து சுவரைத் துடைத்தாள்.

மாதம் ஒருமுறை பூசை வைக்க வரும் ஃபாதர் பென்னி ரோமில் ஆறு வருடம் படித்தவர். மதர் இதைச் சொன்னபோது அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். முதல் எழுத்தை பஸ் என்று சொல்கிற மாதிரிச் சொல்ல வேண்டும், அதற்கு அர்த்தம் 'போதும்' என்று விளக்கினார். இன்னொன்றையும் கேட்டார்கள். சிஸ்டர் அடிக்கடி "மாமா, மாமா" என்று அழுகிறாரே, யார் அந்த மாமா? ஃபாதர் இந்த முறை சிரிக்கவில்லை. அது அம்மா என்றார்.

அன்றைக்கு பச்சையம்மா தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். எட்டாவது வரை படித்தவள். தின்கிற பாஸ்தாவுக்கும் போதும் என்கிற பாஸ்தாவுக்கும் தமிழில் ஒரே எழுத்துதான் என்பதால், இரண்டாவதுக்கு அடியில் ஒரு கோடு போட்டுக்கொண்டாள். வீட்டில் கேசவனிடம் மாமா விஷயத்தைச் சொன்னாள். அவன் சிரித்துவிட்டு, "கன்யாஸ்திரிக்கு மாமா இன்னாத்துக்குனு நானும் நெனச்சேன்" என்றான். வெகு நாள் கழித்து அவன் சிரித்ததால் அவளும் சிரித்தாள்.

ஃபாதர் பென்னி ஒரு முறை சிஸ்டரோடு அரைமணி நேரம் உட்கார்ந்து பேசிப் பார்த்தார். வெளியே வந்து தலையை ஆட்டினார்.

"நான் படிச்ச இத்தாலியன் வேற, மதர். இது அவங்க கிராமத்துப் பேச்சு. புத்தகத்துல தமிழ் படிச்ச வெள்ளைக்காரன் காசிமேட்டு மீன் சந்தையில போய் நின்னா எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கு எனக்கு."

ஆனால் ஒரு உபகாரம் செய்துவிட்டுப் போனார். மூன்று மணிக்குக் கொடுக்கும் பால் காப்பியை சிஸ்டர் ஏன் தள்ளிவிடுகிறார் என்று பச்சையம்மா கேட்டதற்கு, மதியச் சாப்பாட்டுக்கு மேல் அவர்கள் பால் காப்பி குடிக்க மாட்டார்கள், வயிற்றுக்கு ஆகாது என்று அந்த ஊரில் ஒரு எண்ணம் என்றார். மறுநாள் பச்சையம்மா டிகாஷனைச் சின்ன டம்ளரில் கால்வாசி ஊற்றி, சர்க்கரை போட்டுக் கொடுத்தாள். சிஸ்டர் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, ஆள்காட்டி விரலைக் கன்னத்தில் வைத்துத் திருகினார். ருசியாக இருக்கிறது என்கிற அந்தச் சைகையை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஜீவிதா அம்மாவின் போனில் மொழிபெயர்க்கும் ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். சிஸ்டரின் வாய் அருகே போனைப் பிடித்தால், அது சம்பந்தமில்லாமல் எதையாவது காட்டியது. "கோ ஃப்ரேதோ" என்று சிஸ்டர் சொன்னதை அது ஏதோ கால்பந்து ஆட்டக்காரனின் பெயராக எடுத்துக்கொண்டது. பச்சையம்மா போனை மடியில் வைத்துவிட்டு, சிஸ்டர் போர்வையை இழுப்பதைப் பார்த்தாள். கோ ஃப்ரேதோ என்றால் குளிருது. எழுதிக்கொண்டாள். இப்படித்தான் ஒவ்வொன்றாக வந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு "கோ மால்" என்றால் வலி. கட்டிலிலிருந்து தூக்கும்போது "பியான்" என்றால் மெல்ல. மாலையில் தலையணையில் சாயும்போது "ஸோ ஸ்த்ராகா" என்பார், கண்ணை மூடிக்கொள்வார். அதற்குக் களைப்பு என்று எழுதினாள்.

காலையில் குளிப்பாட்டும்போது நடக்கும் சண்டைக்குக் காரணம் தெரிய இரண்டு மாதம் ஆயிற்று. தாம்பரத்து விமானப்படைத் தளத்திலிருந்து பயிற்சி விமானங்கள் கிளம்பினால் இல்லத்துக்கு மேலேதான் தாழப் பறக்கும். இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அந்தச் சத்தம் காதிலேயே விழாது. பச்சையம்மாவுக்கும் அப்படித்தான். ஒரு நாள் தற்செயலாக கவனித்தாள். சத்தம் தொடங்கியதும் சிஸ்டர் தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டார், அவள் கையிலிருந்த துண்டைத் தட்டிவிட்டார், கட்டிலுக்கு அடியில் போகப் பார்த்தார். சிறுவயதில் யுத்தம் பார்த்தவர் என்று மதர் பிறகு சொன்னார். விமானம் தள்ளிப் போனதும் சிஸ்டர் தனக்குத்தானே "ஸே பஸா, ஸே பஸா" என்று முணுமுணுத்தார். போயிடிச்சு என்பதாகத்தான் இருக்க வேண்டும் என்று பச்சையம்மாவுக்குத் தோன்றியது. அடுத்த விமானம் போனபோது அவளே அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு "ஸே பஸா" என்றாள்.

சிஸ்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். இரண்டு வருடத்தில் அந்த இல்லத்தில் யாரோ ஒருத்தர் அவர் பாஷையில் அவரோடு பேசியது அதுதான் முதல் தடவை. அவர் படபடவென்று ஏதேதோ பேசத் தொடங்கினார். பச்சையம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே முதுகைத் துடைத்துவிட்டாள். அன்றைக்கு அடி விழவில்லை.

சாப்பாடும் அப்படித்தான் அமைந்தது. சிஸ்டர் "பொலேந்தா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஜீவிதா போனில் படம் தேடிக் காட்டினாள். மக்காச்சோள மாவில் கிண்டிய களி. இதற்கா இப்படியொரு பெயர் என்று பச்சையம்மா செல்லம்மாவை நகர்த்திவிட்டு அடுப்பில் நின்றாள். கட்டியில்லாமல் கிண்டி, கேழ்வரகுக் களிக்குச் செய்கிற மாதிரியே ஒரு கிண்ணத்தில் உப்புப் போட்ட மோரை ஊற்றி, களியை அதில் தோய்த்து ஊட்டினாள். சிஸ்டர் முதலில் முகம் சுளித்தார், பிறகு வாயைத் திறந்துகொண்டே இருந்தார். அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் அதுதான். பச்சையம்மா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வரும்போது "மோர் வருது சிஸ்டர், மோர்" என்று சொல்லிக்கொண்டே வருவாள்.

கஷ்டமான கேள்வி ஒன்று இருந்தது. சிஸ்டர் தினமும் காஸா, காஸா என்பார். காஸா என்றால் வீடு. வீட்டுக்குப் போகணும், மாமா காத்திருக்கிறாள் என்பார். பச்சையம்மா ஃபாதரிடம் கேட்டு 'நாளைக்கு' என்ற வார்த்தையைத் தெரிந்துகொண்டாள். அவர் சொன்னதை சிஸ்டர் தன் ஊர் வழக்கப்படி "தொமான்" என்று திருத்தினார். அப்புறம் ஒவ்வொரு நாளும் அவர் காஸா என்பதும் இவள் தொமான் என்பதும் வழக்கமாயிற்று. சிஸ்டர் சமாதானமாகிவிடுவார். பொய் சொல்கிறோம் என்று முதலில் உறுத்தியது. பிறகு பழகிவிட்டது.

ஐப்பசியில் ஒரு வாரம் மழை கொட்டியது. மாடம்பாக்கத்துத் தெருவில் முட்டளவு தண்ணீர். முந்தின நாள் கேசவன் குளியலறையில் வழுக்கி விழுந்து, ஜீவிதா கடையிலிருந்து வராததால் பச்சையம்மா ஒருத்தியாகத் தூக்கி உட்காரவைத்தாள். முதுகில் ஏதோ பிடித்துக்கொண்டது. வலிக்கிறது என்று சொன்னால் கேசவன் "நான் செத்தா உனக்கு நல்லதுதான்" என்பான். மகளிடம் சொன்னால் அவள் வீங்கின காலைக் காட்டுவாள். அந்த வீட்டில் அவரவர் களைப்பு அவரவருக்கு. காலையில் பஸ் வரவில்லை. நனைந்துகொண்டே நடந்து வந்தாள். சிஸ்டர் படுக்கையை நனைத்திருந்தார். எல்லாவற்றையும் மாற்றி முடித்த பத்தாவது நிமிஷம் மறுபடியும் நனைத்தார். இரண்டாவது விரிப்பையும் உருவி எடுத்துக் கீழே போட்ட பச்சையம்மா, அந்த விரிப்பின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

யாருக்கும் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. வாயில் தானாக வந்தது.

"ஸோ ஸ்த்ராகா, சிஸ்டர்" என்றாள். "ஸோ ஸ்த்ராகா."

கட்டிலில் சிஸ்டர் இரண்டு காலையும் ஒருபக்கமாக ஒதுக்கினார். காலியான இடத்தில் உள்ளங்கையால் தட்டினார்.

"ஸேந்ததே."

உட்காரு என்கிறார். பச்சையம்மா தயங்கிவிட்டு எழுந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். வேலைக்கு வந்து ஐந்து மாதத்தில் அந்தக் கட்டிலில் அவள் உட்கார்ந்ததில்லை. சிஸ்டர் அவள் முகத்தை உற்றுப் பார்த்து, "கேதோ மஞ்ஞா?" என்று கேட்டார். மஞ்ஞா என்றால் சாப்பாடு என்று தெரியும். சாப்பிட்டாயா என்று கேட்கிறார். இல்லை என்று தலையை ஆட்டினாள். சிஸ்டர் தலைமாட்டு மேசையில் தடவி, தான் பாதி கடித்து வைத்திருந்த பிஸ்கட்டை எடுத்து நீட்டினார். பச்சையம்மா வாங்கித் தின்றாள். கண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டு, மூன்றாவது விரிப்பை எடுக்கப் போனாள்.

அன்றிலிருந்து காப்பி நேரத்தில் பத்து நிமிஷம் அவள் அந்தக் கட்டில் ஓரத்தில் உட்காருவாள். தெரிந்த வார்த்தைகளைக் கோத்துப் பேசுவாள். மாரியோ என்றால் புருஷன். காம்பா என்றால் கால். மாரியோ, காம்பா மால். அவ்வளவுதான் வாக்கியம். சிஸ்டர் "பொவரேத்தோ" என்று உச்சுக் கொட்டுவார், பாவம் என்று. சாரம், கீழே விழுந்தது, ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் கையாலேயே காட்டுவாள். சிஸ்டர் நெஞ்சில் கைவைத்துக் கேட்பார். மறுநாள் அவருக்கு ஒன்றும் ஞாபகம் இருக்காது. மறுபடியும் சொல்வாள். மறுபடியும் நெஞ்சில் கைவைப்பார். ஒரே துக்கத்தைத் தினமும் புதிதாகக் கேட்கிற ஆள் வேறு எங்கே கிடைக்கும் என்று பச்சையம்மா ஒரு நாள் செல்லம்மாவிடம் சொன்னாள். தமிழில் யாரிடமும் சொல்லாததை எல்லாம் அந்த நாற்பது ஐம்பது வார்த்தைகளில் சொல்லிவிட்டாள்.

தை முடிகிற சமயத்தில் மதர் பெனடிக்டா அவளை அலுவல் அறைக்குக் கூப்பிட்டார். இல்லத்தை மூடப்போகிறார்கள். இருக்கிற சிஸ்டர்களுக்கே வயதாகிவிட்டது, புதிதாக வருபவர்கள் இல்லை. மற்றவர்கள் பாளையங்கோட்டைப் பக்கம் உள்ள இல்லத்துக்குப் போகிறார்கள். ஓர்சோலா சிஸ்டரை இத்தாலிக்கே அனுப்பலாமா என்று பார்ப்பதற்கு அங்கிருந்து ஒருவர் வருகிறார். பச்சையம்மாவுக்கு வேறு இடத்தில் வேலைக்குத் தானே சொல்லிவைப்பதாகவும் மதர் சொன்னார். பச்சையம்மா சரி மதர் என்றாள்.

வந்தவர் சிஸ்டர் கியாரா. ஐம்பது வயது இருக்கும். வெயிலில் முகம் சிவந்து போயிருந்தது. ஓர்சோலா சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டு இத்தாலியனில் அழகாகப் பேசினார். ஓர்சோலா சிஸ்டர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் ஒரு விமானம் வந்தது. பச்சையம்மா குறுக்கே போய்த் தோளைப் பிடித்துக்கொண்டு "ஸே பஸா, ஸே பஸா" என்றாள். குளிருதா, வலிக்குதா, சாப்பிட்டீங்களா என்று வழக்கம்போல ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஓர்சோலா சிஸ்டர் பதில் சொன்னார். சிஸ்டர் கியாராவுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு நின்றுபோயிற்று. அந்தப் பேச்சில் பாதி தனக்கே புரியவில்லை என்று மதரிடம் இங்கிலீஷில் சொன்னார். அந்த மலைப்பக்கத்தில் இப்போது கிழவர்கள் மட்டும்தான் அப்படிப் பேசுவார்களாம்.

பிறகு ஒன்று கேட்டார். ஊருக்குப் போக சிஸ்டருக்கு விருப்பமா என்று பச்சையம்மாவே கேட்டுச் சொல்லட்டும்.

மதர் அதைத் தமிழில் சொன்னதும் பச்சையம்மா கட்டில் அருகே போனாள். இல்லை என்கிறார் என்று தான் சொன்னால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இன்னும் நாலைந்து மாதம் ஓடும். சிஸ்டர் கேட்கிற வீடு எது என்றும் அவளுக்குத் தெரியும். அதில் அம்மா இருக்கிறாள், மாடு இருக்கிறது, விறகடுப்பு எரிகிறது. விமானம் ஏறிப் போகிற இடத்தில் அது இல்லை. இருந்தாலும் குனிந்து நேராகக் கேட்டாள்.

"சிஸ்டர், வூத்தோ நாரே காஸா?"

வீட்டுக்குப் போறீங்களா என்று கேட்டது நன்றாகவே புரிந்தது. ஓர்சோலா சிஸ்டர் குழந்தைக்குச் சொல்வதுபோல அவள் கன்னத்தைத் தட்டினார்.

"தொமான்" என்றார்.

"இன்னா சொல்றதுன்னு தெரியல மதர்" என்றாள் பச்சையம்மா. "நாளைக்கின்றாங்க. நான் தெனம் சொல்றத எனக்கே திருப்பிச் சொல்றாங்க. அத போய் ஆமான்னு எடுத்துக்காதீங்க."

மதர் அதை அப்படியே மொழிபெயர்த்தார். ஆனால் வேறு வழியும் இல்லை. பாளையங்கோட்டையில் அவரைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. பத்தாம் நாள் டிக்கெட் போட்டார்கள்.

கிளம்புகிற காலை பச்சையம்மா ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து குளிப்பாட்டினாள். கம்பளிச் சட்டை போட்டுவிட்டாள். தன்னுடைய காலண்டர் தாள்களை எல்லாம் ஜீவிதாவை விட்டுப் படம் எடுத்து, தமிழ் தெரியாதவர்களுக்கு உதவட்டும் என்று ஒவ்வொரு வார்த்தையையும் தன் குரலில் பதிவு செய்து சிஸ்டர் கியாராவின் போனுக்கு அனுப்பியிருந்தாள். காரில் உட்காரவைத்து பெல்ட் போடும்போது ஓர்சோலா சிஸ்டர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நீயும் வருகிறாயா என்று கேட்டார். தொமான் என்று சொல்லிவிட்டுக் கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். கார் வேளச்சேரி ரோட்டில் திரும்பும்வரை கேட்டில் நின்றாள். பிறகு உள்ளே போய் மெத்தையை வெயிலில் போட்டாள்.

மதர் சொன்னபடியே செம்பாக்கத்தில் ஒரு ஃப்ளாட்டில் வேலை கிடைத்தது. ரிட்டயரான வாத்தியார் சுந்தரராமனின் மனைவி சாவித்ரிக்கு இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. நல்ல மனிதர்கள். சாவித்ரியம்மா வேண்டியதைத் தமிழில் தெளிவாகக் கேட்பார். ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லாத அந்த வேலை பச்சையம்மாவுக்கு என்னவோ இன்னும் அதிக அசதியைத் தந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம் போனில் வீடியோ கால் வந்தது. தெரியாத நம்பர். எடுத்தால் நீல உடுப்புப் போட்ட ஒரு வெள்ளைக்கார நர்ஸ். பின்னால் கட்டிலில் ஓர்சோலா சிஸ்டர், இன்னும் இளைத்துப் போயிருந்தார். நர்ஸ் மெதுவாகப் பேசினாள். சாப்பிட மாட்டேன் என்கிறார், அடிக்கிறார் என்பது சைகையிலேயே தெரிந்தது. இன்னொன்றும் சொன்னாள். சிஸ்டர் தினமும் மத்தியானம் "மோர், மோர்" என்கிறாராம். அதைச் சொல்லிவிட்டு அவள் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, நெஞ்சில் சிலுவை போட்டுக் காட்டினாள். அவர்கள் பேச்சில் அந்தச் சத்தத்துக்குச் சாவு என்று அர்த்தம். சாகப்போகிறேன் என்று தினமும் சொல்கிறார் என்று அங்கே எல்லாரும் பயந்துபோயிருக்கிறார்கள். பாதிரியாரைக்கூடக் கூப்பிட்டுவிட்டார்களாம்.

பச்சையம்மா சாவித்ரியம்மாவின் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு வாய்விட்டுச் சிரித்தாள். இல்லை இல்லை என்று கையை ஆட்டினாள். ஃப்ரிட்ஜைத் திறந்து தயிரை எடுத்துக் கேமராவுக்குக் காட்டினாள். ஒரு கரண்டி தயிர், ஆக்குவா என்று இரண்டு டம்ளர் தண்ணீர், ஸால் என்று ஒரு சிட்டிகை உப்பு. கரண்டியால் அடித்துக் காட்டினாள். பொலேந்தா, அதுக்கு மேல இது. நர்ஸ் கண்ணை விரித்துக்கொண்டு பார்த்தாள். "மோர்" என்று பச்சையம்மா சொல்லிக் கொடுத்தாள். நர்ஸ் திருப்பிச் சொன்னாள். கட்டிலிலிருந்து சிஸ்டரின் குரலும் "மோர்" என்றது. எல்லாத் தமிழும் போன பிறகு இந்த ஒன்று எப்போது உள்ளே போய் உட்கார்ந்தது என்று பச்சையம்மாவுக்குத் தெரியவில்லை.

கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்த சுந்தரராமன், "நீ என்ன பாஷை பேசினே?" என்று கேட்டார்.

"இத்தாலி பாஷை சார். கிராமத்துது" என்றாள்.

அதற்குப் பிறகு நாலைந்து முறை அந்த நர்ஸ் கூப்பிட்டாள். எப்படித் திருப்பிப் படுக்கவைப்பது, குளிக்கமாட்டேன் என்றால் என்ன சொல்வது, இதெல்லாம் கேட்டாள். இத்தாலிக்காரிக்கு இத்தாலியனில் இவள் சொல்லிக் கொடுத்தாள். இரண்டு முறை சிஸ்டர் போனைப் பார்த்துக் கன்னத்தில் விரலைத் திருகிக் காட்டினார். இவளை அடையாளம் தெரிந்ததா, சாப்பாட்டை நினைத்தாரா என்று சொல்ல முடியாது. சித்திரைக்குப் பிறகு கால் வருவது நின்றது. இவளும் கூப்பிடவில்லை. என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தயக்கமாக இருந்தது.

ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மதர் பெனடிக்டா பாளையங்கோட்டையிலிருந்து பேசினார். ஓர்சோலா சிஸ்டர் செவ்வாய்க்கிழமை காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார், அங்கேயே அடக்கம் முடிந்தது என்றார். கஷ்டப்படவில்லை என்றார். அந்த நர்ஸ் உனக்குச் சொல்லச் சொன்னாள் என்றார். பச்சையம்மா சரி மதர் என்று சொல்லி வைத்துவிட்டு, சாவித்ரியம்மாவின் மூன்று மணி மாத்திரையைப் பிரித்துக் கொடுத்தாள். தண்ணீர் கொடுத்தாள். தலையணையைச் சரிசெய்தாள். பிறகு கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, நாளைக்கு நான் வரல" என்றாள். "உடம்பு ரொம்ப அசதியா கீது. ஒரு நாள் படுத்துத் தூங்கணும்."

சாவித்ரியம்மா அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். வேலைக்கு வந்ததிலிருந்து அவள் ஒரு நாள் லீவு கேட்டதில்லை. சரி, போய்ப் படு, வீட்டுக்காரர் பார்த்துப்பார் என்றார். சுந்தரராமன் மறுக்கவில்லை.

சனிக்கிழமை அவள் எழுந்திருக்கவில்லை. வெயில் ஏறியும் பாயிலேயே கிடந்தாள். ஜீவிதா இரண்டு முறை தொட்டுப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டாள். கேசவன் முதலில் இன்னா ஆச்சு, இன்னா ஆச்சு என்று கேட்டான். ஊர்சுலம்மா செத்துப்போச்சு, எனக்கு அசதியா கீது, என்னை எழுப்பாதே என்றாள். அவன் வேறு எதுவும் கேட்கவில்லை. நான் செத்தால் என்று தொடங்கவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் கோலைச் சுவரில் சாய்த்துவைக்கிற சத்தமும், அரிசி டின்னைத் திறக்கிற சத்தமும் பாதித் தூக்கத்தில் அவள் காதில் விழுந்தன.

பகல் இரண்டு மணிக்கு எழுந்தாள். சோறு குழைந்து கூழாகியிருந்தது. உப்பு கூடுதல். ரசம் என்று ஒன்று வைத்திருந்தான், புளி மட்டும்தான் தெரிந்தது. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டே இத்தனையையும் செய்திருக்கிறான், சட்டையெல்லாம் வியர்வை. தட்டில் போட்டு அவள் முன்னால் தள்ளினான். அவள் பிசைந்து சாப்பிட்டாள். அவனும் எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சாப்பிட்டான். வெளியே தண்ணீர் லாரி வந்து ஹார்ன் அடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு, எங்களுக்கும் ரெண்டு குடம் பிடிச்சு வைம்மா என்று கேசவன்தான் குரல் கொடுத்தான்.